மான்களைக் காப்பாற்ற மான்களைச் சுடச் சொன்னவர்!

மான் சாதுவான பிராணி. அதைக் கண்டால் குழந்தைகள் துள்ளிக் குதிப்பார்கள். அதைச் சுட வேண்டும் என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும்.

அதிலும், பெண்மானைச் சுடுங்கள், குட்டியையும் சுடுங்கள் என்று ஒருவர் சொன்னால்?

அப்படிச் சொன்ன ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். இன்று அந்த நாடு அவரைக் கொண்டாடுகிறது. ஆனால் அவர் சொன்ன காலத்தில் ஜனங்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. மான்கள் பட்டினியால் துடித்துச் சாவதை நேரில் பார்த்தவர். இளம் வயதில் தாம் செய்த தவறை உணர்ந்து, அதை ஊரறிய ஒப்புக்கொண்டவர்.

அவர்தான் ஆல்டோ லியோபோல்டு.

ஆற்றங்கரைப் பையன்

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதில் மிசிசிப்பி ஆற்றின் கரையில் பர்லிங்டன் என்ற ஊர். அங்கே 1887-ம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ந் தேதி ஆல்டோ பிறந்தார். வீட்டுக்கு அவர்தான் மூத்த பிள்ளை.

தகப்பனார் பெயர் கார்ல். மேஜை செய்யும் தொழிற்சாலை நடத்தினார். குடும்பம் ஜெர்மனியில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். வீட்டில் ஜெர்மன் மொழி பேசினார்கள்.

கார்ல் வேட்டைப் பிரியர். ஆனால் நியாயமான வேட்டைக்காரர்.

வசந்த காலத்தில் வாத்துகள் கூடு கட்டி முட்டை இடப் புறப்படும். அந்தச் சமயத்தில் சுடக்கூடாது என்று அப்போது சட்டம் எதுவும் இல்லை. எல்லோரும் சுட்டார்கள். கார்ல் மட்டும் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டார். சட்டம் வந்து சொல்லும் வரை அவர் காத்திருக்கவில்லை.

மகனுக்கும் அப்படியே பழக்கினார். மரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடக்கூடாது. பறக்கும் பறவையைத்தான் சுட வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை. பையன் மரத்தடியில் நின்று பறவையைப் பார்ப்பான். கை துடிக்கும். ஆனாலும் சுடமாட்டான்.

பார்க்க ஆள் இல்லாத இடத்திலும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற பாடம் அந்தக் காட்டில்தான் ஆல்டோவுக்குக் கிடைத்தது.

காட்டு இலாகாவில் வேலை

ஆல்டோ நன்றாகப் படித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் காடு வளர்ப்புப் படிப்பை முடித்தார். 1909-ம் ஆண்டு சர்க்கார் காட்டு இலாகாவில் வேலை கிடைத்தது. அப்போது வயது 22.

அவரை அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். அபாச்சி என்ற பெருங்காட்டில் வேலை. மலை, பள்ளத்தாக்கு, பைன் மரங்கள். குதிரை மேல் ஏறிப் போய் மரங்களைக் கணக்கெடுக்க வேண்டும்.

அந்தக் காட்டில் மான் இருந்தது. மானைத் தின்ன ஓநாய் இருந்தது.

ஓநாயைக் கண்டால் சுட வேண்டும். அந்தக் காலத்தில் அதை யாரும் தவறாக நினைக்கவில்லை. ஓநாய் மாட்டைத் தின்கிறது, மானைத் தின்கிறது. ஆகையால் அது எதிரி. ஓநாய் குறைந்தால் மான் கூடும். ஓநாயே இல்லாமல் போனால் வேட்டைக்காரனுக்குக் காடே சொர்க்கம். எல்லோரும் இப்படித்தான் நினைத்தார்கள். லியோபோல்டும் அப்படியே நினைத்தார்.

பச்சை வெளிச்சம்

ஒரு நாள் அவரும் கூட்டாளிகளும் மலை உச்சியில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே ஆறு சுழித்து ஓடியது.

ஏதோ ஒரு பிராணி ஆற்றைக் கடந்து வந்தது. மான் என்று நினைத்தார்கள். கரை ஏறி உடம்பை உதறியதும்தான் தெரிந்தது, அது பெண் ஓநாய்! புதருக்குள் இருந்து அதன் குட்டிகள் ஓடி வந்தன. நன்றாக வளர்ந்த குட்டிகள். தாயைச் சுற்றி வாலை ஆட்டி விளையாடின.

அடுத்த நிமிடம் துப்பாக்கிகள் வெடித்தன. குறி பார்த்துக்கூட யாரும் சுடவில்லை. குண்டு தீரும் வரை சுட்டார்கள்.

தாய் ஓநாய் விழுந்தது. ஒரு குட்டி காலை இழுத்துக்கொண்டு பாறைகளுக்குள் மறைந்தது.

லியோபோல்டு கீழே இறங்கி ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த ஓநாய்க்கு இன்னும் உயிர் இருந்தது. அதன் கண்களில் பச்சையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல அணைந்தது.

ஏதோ ஒன்று அவர் மனதில் உறுத்தியது. அது என்ன என்று புரிய அவருக்கு முப்பது வருஷங்கள் தேவைப்பட்டன.

மறுபிறவி

1912-ம் ஆண்டு அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் எஸ்டெல்லா. நியூ மெக்சிகோவில் சாண்டா பே நகரத்துப் பெண்.

கல்யாணமான மறு வருஷமே பெரிய ஆபத்து வந்தது. காட்டில் தனியாகப் போனபோது மழையிலும் பனியிலும் அகப்பட்டுக்கொண்டார். உடம்பு வீங்கியது. சிறுநீரக நோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பிழைப்பது கஷ்டம் என்று நினைத்தார்கள்.

ஆனால் பிழைத்தார். வேலைக்குத் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

உடம்பு தேறி வந்தவர், வேட்டைப் பிராணிகளைக் காக்கும் வேலையில் இறங்கினார். நியூ மெக்சிகோவில் ஊர் ஊராகப் போய்ச் சங்கங்கள் அமைத்தார். திருட்டு வேட்டையை ஒழிக்க வேண்டும். வேட்டைக் காலத்துக்கு வரம்பு வேண்டும் என்று பிரசாரம் செய்தார். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டே அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

ஆனால் அதே பிரசாரத்தில் இன்னொன்றும் இருந்தது. கடைசி ஓநாய் சாகும் வரை, கடைசி மலைச்சிங்கம் சாகும் வரை ஓயக்கூடாது என்பதுதான் அது. சர்க்கார் சம்பளத்தில் வேட்டைக்காரர்கள் காடு காடாகப் போய் ஓநாய்களைக் கொன்றார்கள். அதற்குப் பணம் ஒதுக்கும்படி வாதாடியவர்களில் லியோபோல்டும் ஒருவர்.

கைபாப் மலையில் நடந்தது

இந்தச் சமயத்தில் அரிசோனாவில் வேறோர் இடத்தில் ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது.

கிராண்ட் கேன்யன் என்ற பெரிய பள்ளத்தாக்கின் வடகரையில் கைபாப் என்ற மேட்டுக் காடு இருக்கிறது. 1906-ம் ஆண்டு ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்தபோது அதைப் பாதுகாப்பு இடம் ஆக்கினார். மான் வேட்டைக்குத் தடை போட்டார்கள். மானைத் தின்னும் பிராணிகளை ஒழித்தார்கள். நூற்றுக்கணக்கான மலைச்சிங்கங்களும், ஆயிரக்கணக்கான கொயோட்டுகளும் கொல்லப்பட்டன. ஓநாய் அடியோடு அழிந்தது.

தொடக்கத்தில் அங்கே சுமார் 4 ஆயிரம் மான்கள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 1924-ம் ஆண்டு எத்தனை தெரியுமா? 30 ஆயிரம் என்றவர்களும் உண்டு. 1 லட்சம் என்றவர்களும் உண்டு.

மான் பெருகியது. காடு பெருகவில்லை.

மான்கள் தழையைத் தின்றன. கன்றுகளைத் தின்றன. எட்டிய உயரம் வரை ஒரு இலை மிச்சம் இல்லை. குளிர்காலம் வந்தது. ஆயிரக்கணக்கான மான்கள் எலும்பும் தோலுமாக விழுந்து செத்தன.

1924-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு வேடிக்கையான யோசனை செய்தார்கள். ஆட்களை வரிசையாக நிறுத்தி, மணி அடித்து, சத்தம் போட்டு, மான் கூட்டத்தைப் பள்ளத்தாக்கைத் தாண்டி அக்கரைக்கு ஓட்டிவிடலாம் என்று கிளம்பினார்கள். பனி கொட்டியது. மான்கள் முன்னே போகவில்லை. ஆட்களுக்கு இடையே புகுந்து பின்பக்கம் ஓடிவிட்டன. ஒரு மான்கூட அக்கரை சேரவில்லை!

கடைசியில் மான்களைச் சுட்டுக் குறைக்க மத்திய சர்க்கார் முன்வந்தது. அரிசோனா மாநிலம் குறுக்கே நின்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. தன் காட்டைக் காப்பாற்ற மத்திய சர்க்கார் மான்களைச் சுடலாம் என்று 1928-ல் தீர்ப்பு வந்தது.

கைபாப்பில் மான் பெருகியதற்கு ஓநாய் ஒழிந்தது மட்டுமே காரணமா, ஆடு மாடு மேய்வது குறைந்ததும் காரணமா என்று அறிஞர்கள் பின்னால் வாதாடினார்கள். ஆனால் தழைக்கு மிஞ்சி மான் இருந்தால் தழையும் போகும், மானும் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தம் காட்டிலேயே

லியோபோல்டுக்கு இன்னும் நெருக்கமான அடி ஒன்று விழுந்தது.

நியூ மெக்சிகோவில் கிலா என்ற காடு இருக்கிறது. அங்கே சாலை போடக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது, காடு காடாகவே இருக்கட்டும் என்று போராடியவர் அவர். 1924-ம் ஆண்டு ஜூன் மாதம் சர்க்கார் அதற்குச் சம்மதித்தது. அமெரிக்காவில் அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் காடு அதுதான்.

ஆனால் அங்கேயும் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் ஒழித்துக்கொண்டே வந்தார்கள். அங்கேயும் மான் பெருகியது. தழை தீர்ந்தது. வேட்டைக்காரர்கள் உள்ளே போய் மான்களைக் குறைப்பதற்காகக் காட்டின் நடுவே சாலை திறந்துவிட்டார்கள்.

சாலை வேண்டாம் என்றவரும் அவரே. ஓநாய் வேண்டாம் என்றவரும் அவரே. ஓநாய் போனதால் சாலை வந்தது!

இரண்டு நாடுகள், ஒரு பாடம்

1924-ல் அவர் குடும்பத்தோடு விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மாடிசன் நகருக்குக் குடிவந்தார். 1933-ல் வேட்டைப் பிராணிகளைப் பராமரிப்பது பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதே ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரை அந்தப் பாடத்துக்குப் பேராசிரியர் ஆக்கியது. அந்த நாட்டில் இந்தப் பாடத்துக்கு முதல் பேராசிரியர் அவரே.

1935-ல் ஜெர்மனிக்குப் போனார். அங்கே காட்டில் மரங்கள் சிப்பாய்கள்போல் வரிசையாக நின்றன. கீழே செடி இல்லை, கொடி இல்லை. எல்லாவற்றையும் மான் தின்றுவிட்டது. மானுக்குத் தொட்டியில் தீனி போட்டு வளர்த்தார்கள். காடு இருந்தது, ஆனால் உயிர் இல்லை.

அடுத்த ஆண்டு மெக்சிகோவின் மலைகளுக்குப் போனார். அங்கே மான் இருந்தது. ஓநாய் இருந்தது. மலைச்சிங்கமும் இருந்தது. மான் மிஞ்சிப் போகவில்லை. புல் செழித்திருந்தது. ஆறு தெளிவாக ஓடியது.

இரண்டையும் பார்த்த பிறகு அவருக்குத் தெளிந்தது. மான் ஓநாய்க்குப் பயப்படுகிறது. அதேபோல் மலை மானுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. ஓநாய் கொன்ற மானுக்குப் பதில் இன்னொரு மான் இரண்டு மூன்று வருஷத்தில் வளர்ந்துவிடும். மான் அழித்த மலை திரும்ப வளரப் பல வருஷங்கள் ஆகும்.

அன்று அணைந்த பச்சை வெளிச்சம் எதைச் சொன்னது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

விஸ்கான்சின் மான் சண்டை

விஸ்கான்சினில் வடக்கே பெரும் காடுகள். முன்பு மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். வெட்டிய இடத்தில் புதரும் இளந்தளிரும் வளர்ந்தன. மானுக்கு விருந்து! ஓநாயும் மிகவும் குறைந்துவிட்டது.

வேட்டைக் காலம் நவம்பர் மாதம் சில நாட்கள்தான். அப்போதும் கொம்புள்ள ஆண்மானை மட்டுமே சுடலாம் என்று சட்டம். இந்த மான்களில் ஆணுக்குத்தான் கொம்பு உண்டு. நம் ஊர்ப் புள்ளிமானும் அப்படித்தான்.

பெண்மானைச் சுடாதே என்பது கேட்க நல்ல சட்டமாகத் தோன்றும். மான் அழிந்துபோகும் நிலையில் இருந்தபோது அது நல்ல சட்டம்தான். ஆனால் மான் பெருகிய பிறகு?

ஒரு ஆண்மான் பல பெண்மான்களோடு சேரும். ஆகவே ஆண்மான்களைச் சுடுவதால் பிறக்கும் குட்டிகள் குறையாது. நல்ல தீனி கிடைத்தால் பெண்மான் ஒரே ஈற்றில் இரண்டு குட்டி போடும். ஆண்மானை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் கூட்டம் ஏறிக்கொண்டே போகும்.

1942-ல் மான் நிலைமையை விசாரிக்க ஒரு கமிட்டி அமைத்தார்கள். அதற்குத் தலைவர் லியோபோல்டு.

1943-ம் ஆண்டு குளிர்காலத்தின் கடைசியில் கமிட்டியார் பனியில் நடந்து போய்ப் பார்த்தார்கள். குளிருக்கு ஒதுங்க மான்கள் கூட்டமாகக் கூடும் இடங்கள் அவை. அங்கே கண்ட காட்சி யாரையும் கலக்கிவிடும். பெரிய மான்கள் பின்னங்காலில் நின்று எட்டும் உயரம் வரை தழை இல்லை. எட்டாத குட்டிகள் செத்துக் கிடந்தன.

வைக்கோல் போடலாமே என்றார்கள் சிலர். லியோபோல்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. தீனி போட்டால் இந்த வருஷம் பிழைக்கும் மான் அடுத்த வருஷம் குட்டி போடும். கூட்டம் இன்னும் பெருகும். காடு இன்னும் அழியும்.

அவர் சொன்ன வழி ஒன்றுதான். பெண்மானையும் குட்டியையும் சேர்த்துச் சுட வேண்டும். பட்டினி கிடந்து மெல்ல மெல்லச் சாவதைவிட, அது மானுக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது என்றார்.

தூற்றிய மக்கள்

1943-ல் அவரை மாநில இயற்கைப் பாதுகாப்புக் கமிஷனில் ஒரு உறுப்பினராக நியமித்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் கமிஷன் துணிந்தது. முதல் 4 நாட்கள் ஆண்மான் வேட்டை. பிறகு 3 நாட்கள் ஓய்வு. அதன் பிறகு 4 நாட்கள் கொம்பில்லாத மான் வேட்டை.

விழுந்த மான்கள் 1 லட்சத்து 28 ஆயிரத்துக்கு மேல்!

மாநிலமே கொதித்தது. சின்னக் குட்டிகளை வண்டியில் ஏற்றிப் போவதைப் பார்த்த தாய்மார்கள் கண்ணீர் விட்டார்கள். வேட்டைக்காரர்கள் இனிமேல் காட்டில் மானே இருக்காது என்று கூச்சலிட்டார்கள். அந்த வேட்டைக்கு மாபாதகம் என்று பெயர் வைத்தார்கள். விஸ்கான்சின் மான்களைக் காப்பாற்றுங்கள் என்ற பெயரில் ஒரு பத்திரிகையே தொடங்கப்பட்டது. அதில் லியோபோல்டைத் தாக்கித் தாக்கி எழுதினார்கள்.

ஜனங்களுடைய கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பெண்மானைச் சுடாதே என்று பல வருஷங்களாக அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே காட்டு அதிகாரிகள்தான். இப்போது தலைகீழாகச் சொன்னால் எப்படி நம்புவார்கள்?

1944-ல் கமிஷன் பின்வாங்கியது. பழையபடி ஆண்மான் வேட்டை மட்டும் என்று உத்தரவு வந்தது.

லியோபோல்டு பேசுவதை நிறுத்தவில்லை. கூட்டங்களுக்குப் போனார். கோபமாகக் கேட்டவர்களுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். அதே 1944-ல்தான் அந்த ஓநாயின் கதையை உட்கார்ந்து எழுதினார். தவறு செய்தவர்களில் தாமும் ஒருவர் என்பதை மறைக்காமல் எழுதினார்.

கோழிக் கொட்டகையில் குடும்பம்

இந்தச் சண்டைகளுக்கு நடுவே அவருக்கு ஆறுதல் கொடுத்த இடம் ஒன்று உண்டு.

1935-ல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் பாழடைந்த பண்ணை ஒன்றை வாங்கினார். மணல் பூமி. மிச்சம் இருந்தது ஒரு பழைய கோழிக் கொட்டகை மட்டும். அதைச் சுத்தம் செய்து குடும்பத்தோடு அங்கே போய்த் தங்குவார்.

கணவன், மனைவி, ஐந்து குழந்தைகள் எல்லோருமாக மண்வெட்டி எடுத்து மரம் நட்டார்கள். முதலில் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை வறட்சியில் பட்டுப்போயின. சலிக்காமல் மறுபடியும் நட்டார்கள். வருஷம் தவறாமல் நட்டார்கள். பொட்டல் காடு ஆயிற்று.

அந்தக் குழந்தைகளில் மூன்று பேர் பிற்காலத்தில் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

தீயில் முடிந்த வாழ்வு

அவர் எழுதிய கட்டுரைகளைப் புத்தகமாக்க வேண்டும் என்று பல வருஷம் முயன்றார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1948-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒப்புக்கொண்டது. அவருக்கு அளவில்லாத சந்தோஷம்.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21-ந் தேதி. மனைவியோடும் கடைசி மகளோடும் கொட்டகையில் இருந்தார். பக்கத்துப் பண்ணையில் புகை கிளம்பியது. புல்லில் தீ!

நீர் பீச்சும் கருவியை எடுத்துக்கொண்டு தீயை அணைக்க ஓடினார். வழியில் மாரடைப்பு வந்தது. தரையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 61. பிறந்த ஊரான பர்லிங்டனில் அடக்கம் செய்தார்கள்.

பிறகு?

மறு வருஷம், 1949-ல், மகன் லூனாவின் முயற்சியால் புத்தகம் வெளிவந்தது. மணல் ஜில்லாப் பஞ்சாங்கம் என்று அதன் பெயரைச் சொல்லலாம். இதுவரை 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அந்த ஓநாயின் கதையும் அதில் இருக்கிறது.

அதே 1949-ல் விஸ்கான்சினில் கொம்பில்லாத மானைச் சுட உத்தரவு வந்தது. 1950-லும் 1951-லும் எந்த மானையும் சுடலாம் என்றார்கள். அதனால் மான் அழிந்துவிடவில்லை. 1960-களில் மாநிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்தார்கள். எந்தப் பகுதியில் எத்தனை மான் இருக்கிறது, எத்தனை பெண்மானைச் சுடலாம் என்று கணக்குப் பார்த்து அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். அவர் சொன்ன வழி சட்டமாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஓநாய்?

1960-ம் ஆண்டு வாக்கில் விஸ்கான்சினில் ஓநாய் இல்லாமல் போயிற்று. 1970-களில் பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் இருந்து தானாகவே திரும்பி வந்தது.

அரிசோனாவிலும் ஓநாய் அடியோடு அழிந்து போயிருந்தது. 1998-ம் ஆண்டு மார்ச் மாதம் சர்க்காரே 11 ஓநாய்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டது. அந்தக் காடு எது தெரியுமா?

அபாச்சி. இருபத்திரண்டு வயது வாலிபன் ஒருவன் பாறை மேல் இருந்து துப்பாக்கியைத் தூக்கிய அதே காடு!